இந்திராணி அக்காவின் ஆய்வுக்கூடம்

பள்ளி வேன் வருகிற நேரமில்லை அது. காலை ஓய்வுவேளை. சிற்றுண்டிச்சாலையில் மீ கோரெங் வாங்கிக்கொண்டு திரும்பினால், வாசலில் சேகர் அண்ணன் நிற்கிறார். கோப்பெங் வட்டாரத்தில் எங்கள் பிள்ளைகளைப் பல வருடங்களாக ஏற்றி இறக்குகிறவர். வண்டியை விட்டு இறங்காமலே ஹார்ன் அடித்துப் பேசுகிற மனிதர் இறங்கி வந்திருக்கிறாரே என்று நினைப்பதற்குள், “இந்திராணி டீச்சர் போயிட்டாங்க லா சார். காலையில எழுந்திரிக்கவே இல்லையாம்,” என்றார். “நேத்துகூட பேசுனாங்களே,” என்றேன். சாவுச் செய்தி கேட்டதும் எல்லாரும் சொல்கிற அதே அசட்டு வாக்கியம்தான். வேறென்ன சொல்ல?

அவர் பணி ஓய்வு பெற்று ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. எங்கள் பள்ளியில் அவருடன் வேலை பார்த்தவர்களுக்கும், அவரிடம் கணிதம் படித்தவர்களுக்கும் நான் புதிதாக எதுவும் சொல்லப்போவதில்லை. அந்தக் குரலை எல்லாரும் அறிவீர்கள். கோபம் தணிந்ததும் மேசைக்குள்ளிருந்து வெளியே வரும் இஞ்சி மிட்டாயும் உங்களுக்குத் தெரியும். ஆனால் தலை நரைத்த பிறகு அவர் மாணவியாகப் போன கதை முழுதாக எனக்குத்தான் தெரியும். கூடவே போனவன் நான்.

நோய்த்தொற்றுக் காலத்தில் பள்ளியைப் பூட்டிவிட்டு, வீட்டிலிருந்தே பாடம் நடத்தச் சொன்னார்கள். எங்கள் பிள்ளைகளின் வீட்டில் ஒரே கைப்பேசி, அதையும் அப்பா வேலைக்குக் கொண்டுபோய்விடுவார். அக்கா திரையைப் பார்த்துப் பின்னங்களை விளக்குவார். எதிரே நாலைந்து கறுப்புக் கட்டங்கள், சேவல் கூவும் சத்தம், அவ்வளவுதான். பள்ளி திறந்த பிறகும் அவருக்கு அது ஆறவில்லை. ஒருநாள் கல்வித் தொழில்நுட்பத்தில் முதுகலை படிக்க விண்ணப்பித்துவிட்டு வந்து நின்றார். ரிட்டையர் ஆகப்போகிற நேரத்தில் இந்தச் சுசா, வீண் தொல்லை எதற்கு என்று ஆசிரியர் அறையே கேலி செய்தது. “எனக்குப் புரியாதது ஒண்ணு என் கிளாஸுக்குள்ளயே வந்து உக்காந்திருக்கு. அத அப்படியே வுட்டுட்டு நான் எப்படி வெளிய போறது?” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “தம்பி, நீயும் வா. தனியா காடி ஓட்டுனா தூக்கம் வரும்,” என்றார். நான் பட்டதாரி மாணவனான லட்சணம் இதுதான்.

நாங்கள் இருவரும் குனோங் ராபாட்டில் குடியிருந்தோம். பல்கலைக்கழக வகுப்புக்குப் போக, சனிக்கிழமை விடிந்ததும் அக்காவின் கார் என் வீட்டு வாசலில் நிற்கும். நெடுஞ்சாலை வேண்டாம், பழைய ரோட்டிலேயே போலாம் என்பார். மெதுவாகப் போனால் அதிகம் படிக்கலாமாம். நான் கேள்வி கேட்க வேண்டும், அவர் பதில் சொல்ல வேண்டும். வாயில் நுழையாத பெயருள்ள அறிஞர்களையெல்லாம் சொந்தக்காரர்களாக்கிவிட்டார். “அந்த ரஷ்யா மாமா என்ன சொல்றாருன்னா,” என்று ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து விளக்குவார். ஒரு பிள்ளை தன்னைவிடக் கொஞ்சம் அதிகம் தெரிந்தவரோடு சேர்ந்தால்தான் அடுத்த படி ஏறும் என்பது மாமாவின் கருத்து. நான் கண்ணை மூடிக்கொண்டு கோப்பெங் அம்மனை வேண்டிக்கொள்வேன்.

ஆய்வுக்கு அக்கா தம் நான்காம் ஆண்டு வகுப்பை இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதிக்கு டேப்லெட்டில் பின்னப் பாடம். சரியாகத் தொட்டால் “டிங்” என்று மணியடிக்கும், தவறென்றால் சோகமாக ஊதும். மறுபாதிக்கு வழக்கம்போல வெண்பலகை. முடிவில் ஒரே சோதனை. டேப்லெட் பாதி நன்றாகச் செய்திருந்தது. வெண்பலகைப் பாதியும் அதே அளவு நன்றாகச் செய்திருந்தது. ஆசிரியையாக அவர் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். மாணவியாகத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். இரண்டு பாதிக்கும் வேறுபாடு இல்லையென்றால் ஆய்வேட்டில் எதை எழுதுவது?

விடையைச் சொன்னவர் சேகர் அண்ணன். “உங்க பிள்ளைங்க டெய்லி வேன்ல கிளாஸ் நடத்துதுங்க டீச்சர். என்னைய ரேடியோகூட போட வுட மாட்டுதுங்க லா!” மறுநாள் பள்ளி விட்டதும் அக்கா வேனில் ஏறிவிட்டார். நானும் தொற்றிக்கொண்டேன். நல்ல மழை, சன்னலெல்லாம் ஆவி படிந்திருந்தது. டேப்லெட் பாதியைச் சேர்ந்த தர்ஷினி என்ற சிறுமி கண்ணாடியில் விரலால் ரொட்டி வரைந்து, நான்காகப் பிரித்து, “மூணுல ஒண்ணு இல்ல லா, நல்லா பாரு!” என்று வெண்பலகைப் பாதியை மிரட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பிள்ளை சரியான துண்டைத் தொட்டதும் வேன் முழுக்க “டிங்!” என்று கத்தியது. தவறாகத் தொட்டால் அத்தனை பேரும் சோகமாக ஊதினார்கள். அக்கா சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கழன்று மடியில் விழுந்தது.

பல்கலைக்கழக மேற்பார்வையாளர் சிரிக்கவில்லை. ஆய்வு கெட்டுவிட்டது, வேறு பிள்ளைகளை வைத்து மறுபடி செய்யுங்கள், இப்படியே கொடுத்தால் தேறாமல் போகலாம் என்று சொல்லிவிட்டார். அக்காவுக்கு ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. மறுபடி முதலிலிருந்து செய்தால், பட்டம் கைக்கு வருமுன் வகுப்பறை போய்விடும். திரும்பும்போது காரில் நான் எளிய வழி ஒன்று சொன்னேன். ஐந்தாம் ஆண்டை வைத்துச் செய்யலாம், பாடம் முடியும்வரை மறுபாதியிடம் வாய் திறக்கக்கூடாதென்று கண்டிப்பாகச் சொல்லிவிடலாம். அக்கா காரை ஓரங்கட்டி நிறுத்தினார். “சொல்லிக் குடுக்காதன்னு பிள்ளைங்கள மிரட்டறதுக்கா தம்பி, இத்தன வருசம் டீச்சரா இருந்தேன்? பட்டம் வராட்டி போகட்டும்,” என்றார். குரல் உடைந்திருந்தது. அந்தப் பட்டத்தை அவர் எவ்வளவு விரும்பினார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

நடந்ததை நடந்தபடியே எழுதிக் கொடுத்தார். ஆய்வேட்டுக்கான நேர்காணலில், அப்படியானால் உங்கள் கருவியால் பயனில்லையா என்று கேட்டார்களாம். “கருவி பாதிப் பிள்ளைகளிடம் இருந்தது, பாடம் எல்லாரிடமும் போய்ச் சேர்ந்தது. நடுவில் நடந்ததை எழுத எனக்கு இன்னும் கொஞ்சம் காலம் கொடுங்கள்,” என்று மலாய் மொழியில் சொல்லியிருக்கிறார். கொடுத்தார்கள். ஆய்வேட்டில் பெரும்பகுதியைக் கிழித்துப்போடச் சொல்லித்தான் கொடுத்தார்கள். நான் பட்டம் வாங்கி, பட்டத்துக்குச் சட்டமும் போட்டு மாட்டிவிட்டேன். அக்கா இன்னும் மழை நாளில் வேனில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். அவர் ஆய்வேட்டில் டேப்லெட்டைவிட வேன் சன்னலுக்குத்தான் அதிகப் பக்கங்கள்.

ஓய்வுக்குச் சில மாதங்களுக்கு முன் பட்டம் வந்தது. பட்டமளிப்பு விழாவுக்குக் கார் வேண்டாமென்று சேகர் அண்ணன் வேனில்தான் போனார். அங்கியோடு வெளியே வந்தவரைப் பார்த்து, வேனிலிருந்த பிள்ளைகள் ஒரே குரலில் “டிங்!” என்று கத்தினார்கள். பாதுகாவலர் ஓடி வந்து பார்த்துவிட்டுப் போனார்.

சாவு வீட்டுக்கும் அதே வேன் வந்தது. இப்போது இடைநிலைப்பள்ளியில் படிக்கும் தர்ஷினி முதலில் இறங்கினாள். யாரும் கத்தவில்லை. அந்த அமைதி எனக்குத் தாங்கவில்லை, வெளியே போய் நின்று அழுதேன்.

நேற்று ஐந்தாம் ஆண்டில் அறிவியல் பாடம். பயிற்சி கொடுத்துவிட்டு நிமிர்ந்தால், பின்வரிசையில் ஒருத்தி பக்கத்துச் சிறுமியிடம் குனிந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். யார் அங்கே பேசுவது என்று அதட்ட வாய் திறந்தேன். அப்படியே மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் மற்றவள் முகம் தெளிந்து எழுத ஆரம்பித்தாள். சட்டம் போட்ட பட்டம் வீட்டுச் சுவரில் தொங்குகிறது, அது என்னுடையது. வாயை மூடிக்கொண்டு காத்திருந்த அந்தக் கொஞ்ச நேரம் உங்களுடையது அக்கா. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.