நாற்பத்து நான்கு படிகளும் என் நாற்காலியும்

1. தலை எண்ணினேன், ஒன்று குறைந்தது

திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் நான் விளையாட்டு ஆசிரியை. கழுத்தில் விசில், கையில் ஸ்டாப் வாட்ச், நாக்கில் கொஞ்சம் காரம். எழுபதுகளின் கடைசியில் ஒரு நாள் காலை கெமிஸ்ட்ரி லேபில் பர்னருக்குப் பக்கத்தில் கிடந்த துடைக்கிற துணி பற்றிக்கொண்டது. மணல் வாளியைக் கவிழ்த்து உடனே அணைத்துவிட்டார்கள். ஆனால் புகையைக் கண்ட பெண்கள் இரண்டாவது மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி என் மைதானத்துக்கு வந்து சேர்ந்தார்கள். தலை எண்ணினேன். ஒன்று குறைந்தது.

குறைந்தவள் ரங்கநாயகி. ஸ்ரீரங்கத்துப் பெண், பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம். சின்ன வயதில் போலியோ வந்தவள். இரண்டு கக்கத்துக் கட்டைகளை ஊன்றித்தான் நடப்பாள். மேலே ஓடினேன். மேல் படியின் ஓரத்தில் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். ஓடியவர்கள் இடித்ததில் ஒரு கட்டை பாதிப் படியில் கிடந்தது.

"எறங்கத்தான் பாத்தேன் மிஸ். யாராவது வழி விட்டாத்தானே?" என்றாள்.

அன்று மத்தியானமே பிரின்சிபால் மதர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனுஷி, ஆனால் பயந்த சுபாவம்.

"இந்தப் பொண்ண ஹிஸ்டரிக்கு மாத்திடலாம்னு இருக்கேன். அந்த க்ளாஸ் கீழ இருக்கு. லேபை நான் எப்படிக் கீழ கொண்டுவர்றது, சொல்லுங்க?"

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ரங்கநாயகிக்கு இது கேட்டுவிட்டது. அவள் அழவில்லை. கட்டையின் பிடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். ப்ளஸ் டூ எல்லாம் வராத காலம். பி.யூ.சி.யில் கெமிஸ்ட்ரியில் முதல் மார்க் வாங்கி வந்தவள் அவள்.

"ஒரு வாரம் குடுங்க மதர். நான் ப்ளான் போடறேன்" என்றேன்.

"சரி. சனிக்கிழமை ட்ரில். பெல் அடிச்சு அஞ்சு நிமிஷத்துல க்ளாஸ் மொத்தமும் கீழ நிக்கணும், இவளும் சேத்து. இல்லேன்னா ஹிஸ்டரிதான்."

2. என் அருமையான ப்ளான்

வெளியே வந்ததும் ரங்கநாயகி சொன்னாள்: "மிஸ், நான் உக்காந்துண்டே சறுக்கி எறங்கிடுவேன். எங்காத்து மாடிப்படி செங்குத்து, அங்க அப்படித்தான். கட்டைய மட்டும் யாராவது எடுத்துண்டு வந்தாப் போறும்."

"சும்மா இரு. காலேஜ் பொண்ணு, புடவையோட படியில தேச்சுக்கிட்டு வந்தா பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க?" என்று அவள் வாயை அடைத்துவிட்டேன்.

என் ப்ளான் இதுதான். கைப்பிடி வைத்த ஒரு நாற்காலி. த்ரோபால் டீமில் நாலு பெண்கள், காப்டன் ஸ்டெல்லா தலைமையில். மணி அடித்ததும் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியது. தாளில் ஸ்கேல் வைத்துப் படம்கூடப் போட்டேன்.

ஒன்றை மறந்துவிட்டேன். எங்கள் கல்லூரியில் வகுப்புக்குப் புடவைதான் கட்டாயம். மைதானத்தில் ஷார்ட்ஸ் போட்டுப் பந்தெறிகிற ஸ்டெல்லா, மாடிப்படியில் கஞ்சி போட்ட காட்டன் புடவையில் நின்றாள். இரண்டு கையும் நாற்காலியில் இருந்தால் கொசுவத்தை யார் தூக்கிப் பிடிப்பது? முதல் ஒத்திகையில் ஒருத்தியின் புடவையை இன்னொருத்தி மிதித்தாள். இரண்டாவதில் திருப்பத்தில் நாற்காலி சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது.

மேலே உட்கார்ந்திருந்தவளுக்கு வாய் சும்மா இருக்குமா? "சித்திரைத் தேர்கூட இதைவிட சீக்கிரமாத் திரும்பும் மிஸ்."

எல்லோரும் சிரித்தோம். ஸ்டாப் வாட்ச் ஒன்பது நிமிஷம் காட்டியது. பழகப் பழகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். த்ரோபாலுக்கு அது சரி.

3. சனிக்கிழமை

பெல் அடித்தது. கீழே மதர் கடிகாரத்தோடு நின்றார். நான் பாதிப் படியில். நாற்காலி அழகாகத்தான் புறப்பட்டது. முதல் திருப்பத்தில் ஸ்டெல்லாவின் கொசுவம் மொத்தமும் அவிழ்ந்தது. அவள் ஒரு கையை விட, நாற்காலி சாய்ந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. எப்படியோ தாங்கிப் படியில் வைத்தார்கள். பின்னால் முப்பது பெண்கள் இறங்க வழியில்லாமல் முட்டிக்கொண்டு நின்றார்கள். நிஜமான நெருப்பாக இருந்திருந்தால் அத்தனை பேரையும் அடைத்துவைத்திருப்பது என் நாற்காலிதான்.

இரண்டு நிமிஷம் போயாயிற்று.

"நாற்காலிய திருப்பத்து மூலைல ஓரமா வைங்கோ. ஸ்டெல்லாக்கா, கட்டைய நீங்க வாங்கிக்கோங்கோ" என்றாள் ரங்கநாயகி. அதற்குள் அவள் படியில் இறங்கி உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். சுவர் பக்கமாக ஒதுங்கி, கையைப் பின்னால் ஊன்றி, ஒரு படி, அடுத்த படி, அடுத்த படி. மற்ற பெண்கள் கைப்பிடிப் பக்கமாக அவளைத் தாண்டி வரிசையாக இறங்கினார்கள். விசில் என் வாயிலேயே இருந்தது, ஊதத் தோன்றவில்லை.

கடைசிப் படியில் கட்டைகளை வாங்கி அவள் எழுந்து நின்றபோது நாலு நிமிஷம் ஐம்பது விநாடி.

மதர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, புடவையைப் பார்த்தார். "இப்படி அழுக்காயிடுச்சேம்மா."

"தோச்சாப் போயிடும் மதர். சீட்டு போனா எனக்குத் திரும்பி வராது."

மதர் குனிந்து அந்தப் புடவையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டார். பிறகு, "திங்கக்கிழமை லேபுக்குப் போ" என்றார். அப்போதுதான் அந்தப் பெண் அழுதாள். நானும்தான்.

4. புதுத் தாள்

அன்று சாயங்காலம் பழைய ப்ளானை எடுத்துப் பார்த்தேன். தேவையான பொருட்கள் என்று தலைப்பு: மணல் வாளி, தண்ணீர் வாளி, நாற்காலி. நாலாவதாக ரங்கநாயகி என்று எழுதியிருந்தேன். வெட்கமாகப் போய்விட்டது, கிழித்துப் போட்டேன்.

புதுசை அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். மொத்தம் நாலு வரி. சுவர் பக்கம் அவளுக்கு. யாரும் இடித்துத் தள்ளக் கூடாது. கட்டைகளை எடுத்துவர ஒரு ஆள். படியை ஈரமாக விட்டுவிட்டுப் போகக் கூடாது.

எழுதியது சரியா என்று பார்க்க, நானும் மேல் படியில் உட்கார்ந்து சறுக்கினேன். ஜில்லா அளவில் ஓடிக் கோப்பை வாங்கியவள் நான். நாற்பத்து நான்கு படிக்கு ஏழு நிமிஷம் ஆனது. இரண்டு நாள் இடுப்பு வலி. மேலிருந்து அவள் சிரித்துக்கொண்டே, "கைய இன்னும் பின்னாடி ஊனுங்கோ மிஸ்" என்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

அவளுக்குப் பிறகு கண் தெரியாத பெண்கள் வந்தார்கள், காது கேட்காத ஒருத்தி வந்தாள். ப்ளான் போடத் தாளை எடுக்கும் முன், "நீ எப்படிம்மா எறங்குவே?" என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் திறந்தேன். விளையாட்டு ஆசிரியையாகப் புதிதாக வேலைக்கு வருகிற உங்களுக்கும் நான் சொல்ல இருப்பது அவ்வளவுதான். ரங்கநாயகி முதல் நாளே சொல்லிவிட்டாள். அதைக் காதில் வாங்க எனக்குத்தான் ஒரு வாரம் ஆயிற்று.