பருப்பு வேகாத தண்ணீர்

பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் துறைக்குக் கோமு வேலைக்குப் போனபோது சொந்தக்காரர்கள் பேசாத பேச்சில்லை. முட்டைகூடப் படியேறாத சைவ வீடு. அந்த வீட்டுப் பெண் தவளையை அறுத்துப் பட்டம் வாங்கினால் சும்மா விடுவார்களா? "இவளுக்கு வேற பாடமே கிடைக்கலியாக்கும்" என்று கல்யாண வீடுகளில் காதுபடவே சொன்னார்கள். கோமு அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்கிற ஆள் இல்லை. நீதிமன்றக் குமாஸ்தா சிவசைலத்தைக் கட்டிக்கொண்ட பிறகும் வேலையை விடவில்லை. அவரும் தங்கமான மனுசர், கேலி மட்டும் கொஞ்சம் கூடுதல். "ஊருல எல்லாரும் ஆடு மாடு வளக்காங்க, எம் பொண்டாட்டி தெள்ளு வளக்கா" என்பார்.

அது பொய்யும் இல்லை. நீர்த்தெள்ளு என்று ஓர் உயிர் உண்டு. இறாலுக்குத் தூரத்துச் சொந்தம், கடுகில் பாதி தேறாது. மீன்குஞ்சுகளுக்கு அதுதான் சாப்பாடு. உடம்பு கண்ணாடி மாதிரி இருப்பதால், முதுகுப் பையில் குட்டிகளைச் சுமப்பது நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரியும். தண்ணீரில் கோளாறு என்றால் குட்டி போடுவதைக் குறைத்துவிடும். தாழையூத்துப் பக்கம் சுண்ணாம்புக்கல் தோண்டிய பழைய குழி ஒன்றில் பிடித்து, அந்தக் குழித் தண்ணீரிலேயே சாடிகளில் பெருக்கி வைத்திருந்தாள் கோமு.

தொண்ணூற்றாறாம் வருஷம் பேட்டையிலிருந்து நாறும்பூநாதன் அண்ணாச்சி வந்தார். நூல் ஆலைகளுக்கு எண்ணெய் செய்கிற சின்னப் பட்டறை அவருடையது. தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலத்தை ஆல்கஹாலோடு சேர்த்துக் காய்ச்சினால் எஸ்டர் என்று ஒன்று கிடைக்கும். நூல் அறாமல் ஓட அதைத் தடவுவார்கள். பெட்ரோலியச் சரக்கைவிட இது சாது என்று நம்பி, இருந்ததையெல்லாம் இதில் போட்டிருந்தார். பட்டறை கழுவுகிற தண்ணீர் வாய்க்காலில் விழுகிறது. அந்த எண்ணெய் கலந்த தண்ணீரில் தெள்ளுகளை விட்டு ஏற்கெனவே செய்த இரண்டு நாள் சோதனையில் ஒரு உயிரும் சாகவில்லை. அது போதாது, ஆயுசு முழுக்க அந்த எண்ணெயோடு கிடந்தால் என்ன ஆகும் என்று பார்த்து வாருங்கள், கெடுதல் என்றால் பட்டறையை மூட வேண்டியதுதான் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள்.

"சாவலேன்னா போதாதாம்மா?" என்றார் அண்ணாச்சி.

"செத்தாத்தான் கெடுதலா அண்ணாச்சி? குட்டி போடாம இருந்தாலும் வம்சம் அத்துத்தான போவும்."

அவர் முகம் வாடிவிட்டது. "பாத்துச் செய்யுங்கம்மா. இதுல கவுந்தா திரும்ப எந்திரிக்க எனக்கு வயசு இல்ல."

தெள்ளின் ஆயுசுக் கணக்குக்கு மூன்று வாரச் சோதனை. சில சாடிகளில் வெவ்வேறு அளவில் எண்ணெய் கலக்கிய தண்ணீர். ஒப்பிட்டுப் பார்க்க வெறும் தண்ணீர்ச் சாடிகள். எந்தத் தண்ணீர் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. தாமிரபரணி ஓடுகிற ஊரில் அதை யோசிப்பார்களா? குறுக்குத்துறையில் குடம் குடமாக மொண்டு வந்தார்கள். கடைசியில் பார்த்தால் எண்ணெய்ச் சாடிகளில் குட்டி என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. வெறும் தண்ணீர்ச் சாடிகளிலும் ஏதோ பேருக்குத்தான்.

துறைத் தலைவர் குமரகுருபரன் நல்லவர், ஆனால் அவசரக்காரர். "வெறும் தண்ணிச் சாடியச் சரியாக் கழுவியிருக்க மாட்டீங்க. அதத் தள்ளிட்டு, எண்ணெ கெடுதல்னு எழுதிருவோம்" என்றார்.

"ஆத்துத் தண்ணியிலயே ஏதும் கொறை இருக்குமோ சார்?"

"தாமிரபரணியவா சந்தேகப்படுத? வெளிய சொல்லிராத கோமு, சிரிப்பாங்க."

கோமுவுக்கே வெட்கமாகப் போயிற்று. ஆனாலும் ஒரு மனுசனின் பிழைப்பை அப்படி எழுதி முடிக்க மனசு வரவில்லை. கொஞ்சம் பொறுங்கள் என்று கெஞ்சி வாங்கினாள்.

அந்த வாரம் குழாய் உடைந்து ஆற்றுத் தண்ணீர் வரவில்லை. வீட்டுக் கிணற்றில் இறைத்துத்தான் சமையல். குக்கர் கத்தி ஓய்ந்தும் துவரம்பருப்பு குழையவே இல்லை. சிவசைலம் ஒரு பருப்பை விரலால் நசுக்கிப் பார்த்தார். "இது பருப்பா, பாசிமணியா? நம்ம கிணத்துல சுண்ணாம்பால்லா ஊறுது" என்றார்.

கோமு கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். ஒவ்வொரு தடவை குட்டி விட்டதும் தெள்ளு தன் ஓட்டைக் கழற்றிப் புது ஓடு கட்டும். ஓடு கட்டச் சுண்ணாம்பு வேண்டும். அதுகள் சுண்ணாம்புக் குழியில் பிறந்த ஜாதி. பருப்பு வெண்ணெயாகக் கரையும் என்று ஊரே கொண்டாடுகிற, சுண்ணாம்பே இல்லாத ஆற்றுத் தண்ணீரில் அதுகளைப் பட்டினி போட்டிருக்கிறோமே! சாப்பிடாமலே பஸ் ஏறினாள்.

விஷயத்தைக் கேட்ட குமரகுருபரன் முதலில் முறைத்தார், பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். கோமு வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை வாளியில் தூக்கி வந்ததும் அவர்தான். ஆற்றுத் தண்ணீரில் அதைப் பாதிக்குப் பாதி கலந்து மறுபடி மூன்று வாரம். வெறும் தண்ணீர்ச் சாடிகளில் குட்டிகள் மொய்த்தன. எண்ணெய் குறைவாக இருந்த சாடிகளிலும் அதே கூத்து. சுண்ணாம்பு கிடைத்து உடம்பு தேறியதும் அந்தக் கொஞ்ச எண்ணெயைத் தெள்ளுகள் தாங்கிக்கொண்டன. கோமுவுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. அப்புறம்தான் எண்ணெய் மிக அதிகமாக இருந்த கடைசிச் சாடியைப் பார்த்தாள். அதில் குட்டி இல்லை.

அண்ணாச்சியை வரவழைத்து ஒளிக்காமல் சொன்னாள். "சாதாரணமா ஒழுகுத தண்ணியால பாதகமில்ல. வாரம் ஒருக்கா எண்ணெ காய்ச்சுத அண்டாவக் கழுவி விடுதீயள்லா, அன்னைக்கு வாய்க்கால்ல இந்தக் கடைசிச் சாடி அளவுக்கு எண்ணெ வந்துருது."

"அத மட்டும் எழுதாம விட்டா?"

"எழுதத்தான் செய்வேன் அண்ணாச்சி. கோவிச்சுக்காம இங்கன வந்து பாருங்க."

அவர் வேண்டா வெறுப்பாக நுண்ணோக்கியில் குனிந்தார். முதலில், கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டுத் தண்ணீரோடு நல்ல சாடித் தெள்ளு. முதுகுக்குள் குட்டிகள் கண் முழித்துப் புரண்டுகொண்டிருந்தன. "ஏயப்பா, புள்ளத்தாச்சில்லா இது" என்றார். அப்புறம் கடைசிச் சாடித் தெள்ளு. முதுகுப் பை வெறிச்சென்று கிடந்தது. அவர் நிமிர்ந்து சாடிகளைத் திரும்பிப் பார்த்தார்.

"எண்ணெ மேலதான மிதக்கும்? தொட்டி கட்டி நிறுத்தி, மேலாப்புல வழிச்சு எடுத்துட்டு விட்டா?"

"விட்டா ஒண்ணும் ஆவாது. இந்த நல்ல சாடி மாதிரித்தான்."

"தொட்டி முடியுத வரைக்கும் அண்டா கழுவுன தண்ணி ஒரு சொட்டு வாய்க்காலுக்குப் போவாது. நீங்க உள்ளத உள்ளபடி எழுதுங்க." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியவர், வாசலில் நின்று திரும்பினார்.

"அந்தப் புள்ளத்தாச்சிய மெல்லத் தண்ணியில விடுங்கம்மா. கண்ணாடிச் சில்லுல கெடந்து தவிக்குது, பாவம்."