கூட்டிப் பெருக்கிய தோட்டம்

என் மனைவிக்கு மருந்தில்லாத ஒரு வருத்தம் உண்டு. யாராவது வருகிறார்கள் என்று கேள்விப்பட்டால் போதும், விளக்குமாற்றைத் தூக்கிவிடுவாள். விட்டால் பேருந்துத் தரிப்பிடம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போவாள். அந்த வருத்தத்தால்தான் எங்கள் தோட்டம் பறிபோகப் பார்த்தது.

சுவிஸில் எம்மன்புரூக்கேயில் நாங்கள் இருக்கும் மாடிவீட்டுக்குப் பின்னால், மூடிய தொழிற்சாலையின் காணியில், குடியிருப்பவர்களுக்குத் துண்டு துண்டாகத் தோட்டம் கொடுத்திருந்தார்கள். அந்தக் காணியில் புதிய வீடுகள் வரப்போவதாகக் கடிதம் வந்தது. தோட்டங்கள் உண்மையிலேயே பயன்படுகின்றனவா என்று பார்க்க, திட்டம் வரைகிற பெண் வியாழக்கிழமை வருவாராம். பயன்பட்டால் புதிய வரைபடத்தில் இடம் கிடைக்கும். இல்லாவிட்டால் கார் நிறுத்துமிடம்தான்.

மனைவி முதியோர் இல்லத்துச் சமையலறையில் நின்று களைத்து வந்தாலும் நேரே தோட்டத்துக்குத்தான் போவாள். அது இல்லாமல் போனால் அவள் என்ன ஆவாள் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

புதன்கிழமை அவள் லீவு எடுத்தாள். பயற்றங்காய், தக்காளி, கத்தரிக்காய், பச்சைமிளகாய் எல்லாவற்றையும் பிஞ்சுகூட விடாமல் ஆய்ந்தாள். காய்த்து ஓய்ந்த கொடி, செடி எல்லாவற்றையும் பிடுங்கினாள். மண்ணைக் கொத்தி, கோயில் வீதி மாதிரிக் கூட்டினாள். ஆய்ந்ததைப் பைகளில் போட்டு ஒவ்வொரு வீட்டுக் கதவுப்பிடியிலும் மாட்டினாள். மறைப்பானேன், நல்ல வடிவாயிருக்கு என்று நானும்தான் சொன்னேன்.

அந்தப் பெண் வந்தார். பக்கத்துத் துண்டுக்காரர் சுவிஸ் கிழவர். அவருடையதில் முழங்காலளவு புல், நடுவே நாலு பூசணி. அதை அந்தப் பெண் குனிந்து குனிந்து படம் எடுத்தார். எங்களுடையதைப் பார்த்ததும் முகம் வாடியது. இதைக் கைவிட்டு எவ்வளவு காலம் என்று ஜேர்மனில் மெதுவாகக் கேட்டுவிட்டு, ஏதோ எழுதினார்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. “உம்மட விளக்குமாறால தோட்டத்தையும் சேத்துக் கூட்டி எறிஞ்சுபோட்டீர்” என்றேன். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் கண் கலங்கியதை அந்தப் பெண்ணும் பார்த்தார்.

அவள் தனக்குத் தெரிந்த அரைகுறை ஜேர்மனில் அந்தப் பெண்ணிடம் வரச் சொல்லி, கையைப் பிடித்து மாடிப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நான் பின்னால் நடந்தேன்.

முதலாம் மாடியில் போர்த்துக்கல்காரி எங்கள் பயற்றங்காயைச் சூப்புக்கு நறுக்கிக்கொண்டிருந்தார். இரண்டாம் மாடியில் எங்கள் தக்காளி ஜன்னலோரம் வரிசையாக இருந்தது. அந்த வீட்டுக்காரர், கோடை முழுக்கத் தான் கடையில் தக்காளி வாங்குவதேயில்லை என்று தானாகவே சொன்னார். மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. கத்தரிக்காய்க் குழம்பும் சோறும் வைத்தாள். அந்தப் பெண் உறைப்பில் மூக்கைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டார். பிறகு, முன்பு எழுதியதைக் குறுக்கே வெட்டிவிட்டு, மாடிப்படியைப் பற்றியே நிறையக் கேட்டார். யார் யாருக்குக் கொடுப்பீர்கள், எந்த வழியாக இறங்கிப் போவீர்கள் என்றெல்லாம்.

பனி கொட்டும் மாரிகாலத்தில் புதிய வரைபடத்தை எங்கள் கட்டடத்தில் ஒட்டினார்கள். பின்பக்கத்தில் தோட்டத்தைத் தேடினேன். காணவில்லை. மனைவிதான் விரலை வைத்துக் காட்டினாள். புதிய வீடுகளின் வாசல்களுக்கு முன்னாலேயே, ஒவ்வொரு மாடிப்படியின் அடியிலும், பச்சைத் துண்டுகள் போட்டிருந்தார்கள். எங்கள் கட்டடத்து வாசலிலும் ஒன்று.

பிறகு அவளுக்குக் கவலை வந்துவிட்டது.

“வாசலுக்கு முன்னாலயோ? அப்ப போற வாற ஆக்களெல்லாம் பாப்பினம். ஒவ்வொரு நாளும் கூட்ட வேணுமே.”

விளக்குமாற்றைப் பற்றி அன்று நான் சொன்ன சொல் அத்தனை மாதமும் என்னை உறுத்தியது. மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய் இது.

“இனி நான் கூட்டிறன்” என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“உங்களுக்குக் கூட்டத் தெரியாது” என்று சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.