வெட்டிப்போட்ட இரண்டு விரற்கடை

கடகடவென்று ட்ரொலிகளை ஒன்றுக்குள் ஒன்று செருகித் தள்ளிக்கொண்டு போகும் சத்தம் எங்கே கேட்டாலும் எனக்குக் கை கூசும். மூன்று குளிர்காலங்களுக்கு முன், நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரில் நாங்கள் இருக்கும் மவுண்ட் ரோஸ்கில்லில் நடந்த விஷயம் அப்போது நினைவுக்கு வந்துவிடும். எனக்கே இன்னும் சரியாக விளங்காத ஒன்றைத்தான் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் பைத்தியத்தைச் சொல்லிவிடுகிறேன். சூப்பர்மார்க்கெட் ட்ரொலிகளில் மற்றவர்கள் விட்டுப்போகும் சாமான் லிஸ்டுகளைப் பொறுக்கிச் சேர்ப்பவள் நான். முத்திரை சேர்ப்பார்கள், நாணயம் சேர்ப்பார்கள். நான் சேர்ப்பது "பால், பாண், பூனைக்குச் சாப்பாடு". கடித உறையின் பின்புறத்தில் எழுதியவை, பள்ளிக்கூட நோட்டீஸின் மூலையைக் கிழித்து எழுதியவை, எனக்குத் தெரியாத மொழிகளில் எழுதியவை, மழையில் ஊறி மை பரவிப்போனவை. ஒருமுறை ஆங்கில லிஸ்ட் ஒன்றில் உருளைக்கிழங்குக்கும் பிளீச்சுக்கும் நடுவே "மன்னிப்புக் கேட்கப் பூ" என்று இருந்தது. அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. யாரும் வாசிக்க வேண்டும் என்று எழுதாத எழுத்தில் பொய் இருக்காது என்று ஒரு நினைப்பு.

சேர்த்ததை அப்படியே குவித்து வைக்கிற ஆளும் இல்லை நான். எங்கள் வீட்டில் கத்தரிக்கோலுக்கும் ஒரு விலாசம் உண்டு. ஐஸ்கிரீம் பெட்டிகளில் கறிவேப்பிலை எது, கருவாடு எது என்று ஒட்டியிருக்கும். எல்லர்ஸ்லியில் வேலை செய்யும் இடத்தில் நாள் முழுக்கக் கோப்புகளோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, வீட்டில் இழுப்பறைகளைத் திறந்து மூடுவதில்தான் மனம் கொஞ்சம் அடங்கும். லிஸ்டுகளுக்கென்று கண்ணாடித்தாள் பைகள் வைத்த அல்பம் ஒன்று. எல்லாப் பைகளும் ஒரே அளவு. அதனால் எல்லா லிஸ்டுகளையும் அந்த அளவுக்கு வெட்டிவிடுவேன். வெள்ளைக் கடதாசி நீண்டுகொண்டு நிற்பது எனக்குப் பிடிக்காது.

"உம்மட குப்பைக்கு இன்னொரு அல்பம் வாங்கவோ?" என்பார் என் கணவர். மகள் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். "அம்மா, தட்ஸ் ஸோ வியேர்ட்" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டு அறைக்குள் போய்விடுவாள்.

ஃபிஜோவா பழங்கள் முடிந்து மாண்டரின் தோடை பழுக்கத் தொடங்கிய குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை. கார் நிறுத்தும் இடத்தில் நனைந்து நின்ற ட்ரொலி ஒன்றின் அடியில் அது கிடந்தது. தமிழ் லிஸ்ட்! இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் தமிழ். நீலப் பேனாவில், வட்ட வட்டமான பெண் கையெழுத்து. அரிசி, பருப்பு, தேங்காய்ப்பால், கருவாடு, சவர்க்காரம். கடைசி வரியில் "இவருக்கு இஞ்சி பிஸ்கற்". மடிப்புகள் பஞ்சுபோல் தேய்ந்து, பின்பக்கம் டேப் ஒட்டியிருந்தது. ஒரு சாமான் லிஸ்டுக்கு ஏன் டேப் ஒட்டுவார்கள், ஏன் அது அவ்வளவு தேய வேண்டும் என்று நான் கேட்கவேயில்லை. தேய்ந்திருந்தது அழகாக இருந்தது, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து காயவைத்து, மேலே வெறுமையாய் நீண்டிருந்த இரண்டு விரற்கடையை வெட்டி எறிந்துவிட்டு, அல்பத்தின் முதல் பையில் வைத்தேன்.

ஆறு வாரம் போயிருக்கும். எங்கள் பக்கத்து இலங்கைச் சாமான் கடைக்கு முருங்கைக்காய் வாங்கப் போனேன். வாடகைக்கு அறை, சங்கீத வகுப்பு என்று ஒட்டுகிற பலகையில் கையால் எழுதிய ஒரு தாள் தொங்கியது. "தொலைந்துவிட்டது: சாமான் லிஸ்ட். நீலப் பேனா. பின்னால் டேப். கடைசி வரி இஞ்சி பிஸ்கற். கண்டெடுத்தவர்கள் தயவுசெய்து அழைக்கவும். மிகவும் அவசியம்."

முதலில் சிரித்தேன், உண்மையைச் சொல்ல வேண்டுமே. பூனையைத் தொலைத்தவர்கள் ஒட்டுவார்கள், சாவியைத் தொலைத்தவர்கள் ஒட்டுவார்கள். இதற்குமா? பிறகு "மிகவும் அவசியம்" என்பதன் கீழே இரண்டு தரம் கோடு இழுத்திருந்ததைக் கண்டேன். எண்ணை மட்டும் குறித்துக்கொண்டேன். முருங்கைக்காய் வாங்காமலே வந்துவிட்டேன்.

மூன்று நாள் அழைக்கவில்லை. எறிந்ததை எடுப்பது களவா? ஆனால் அவர்கள் எறியவில்லையே, தொலைத்திருக்கிறார்கள். தொலைந்ததா எறிந்ததா என்று ஒரு கடதாசியைப் பார்த்து எப்படிச் சொல்வது? அப்படியானால் அல்பத்தில் இருக்கும் மற்றவை? இரவும் பகலும் இதே சுழற்சி. நான்காம் நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், காருக்குள் இருந்துகொண்டு அந்த எண்ணை அழுத்தினேன்.

ஓர் ஆணின் குரல். விஷயத்தைச் சொன்னேன்.

"கிழிச்சுப் போட்டீங்களோ?"

"இல்லை அண்ணை. வச்சிருக்கிறன்."

"வச்சிருக்கிறீங்களோ? ஏன்?"

சனிக்கிழமை காலையில் கொண்டுவந்து தருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

எங்கள் வளவு மரத்து மாண்டரின் ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டு போனேன். பத்து நிமிட ஓட்டம். அவர் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்கவர், மன்னார்ப் பக்கம், இங்கே பஸ் ஓட்டுகிறார். சமையலறை மேசையில் தேத்தண்ணி வைத்துவிட்டுத் தானாகவே சொன்னார். அவருடைய மனைவிக்குப் போன வருடம் ஸ்ட்ரோக். வலது கை விழுந்துவிட்டது. பேச்சு இரண்டு மூன்று சொல்லோடு நின்றுவிட்டது. அந்த லிஸ்ட் அதற்கு முந்தின வாரம் மனைவி தன் கையால் எழுதியது.

"ஒவ்வொரு சனியும் இந்த மேசையிலதான், தங்கச்சி. லிஸ்டை விரிச்சு வைப்பன். அவ ஒவ்வொரு வரியா விரல் வைப்பா. நான் அலுமாரியைத் திறந்து பாத்து இருக்கு, இல்லை எண்டு சொல்லவேணும். பொய் சொன்னா முகத்தில தெரிஞ்சிடும் அவவுக்கு. இந்த வீட்டில அவ நடத்துறதுக்கு மிஞ்சினது அது ஒண்டுதான்."

"நீங்கள் ஒரு கொப்பி எழுதிப் பாக்கேல்லையோ?"

"எழுதினன். என்ர கையெழுத்தைக் கண்டுட்டுத் தள்ளிவிட்டா. போன்ல ஒரு படம் எடுத்து வச்சிருக்கலாம், புத்தி வரேல்லை. ஆறு கிழமையா அவ இந்த மேசைப் பக்கமே வாறேல்லை. நான் எனக்குத் தெரிஞ்ச மாதிரி வாங்கிறன். இப்ப வீட்டில மூண்டு பைக்கற் வெந்தயம் நிக்குது."

சிரிக்கவா வேண்டாமா என்று தெரியவில்லை. பையிலிருந்து லிஸ்டை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் முகம் மலர்ந்தது. அடுத்த கணம் சுருங்கியது. தாளைத் திருப்பிப் பார்த்தார், மறுபடி திருப்பினார்.

"மேல சிலுவை இருந்ததே. எங்க?"

சிலுவையா? அப்போதுதான் ஞாபகம் வந்தது. நான் வெட்டிய அந்த வெள்ளைப் பட்டையின் நடுவில், மெல்லியதாய், ஒன்றையொன்று வெட்டிய இரண்டு கோடு. பேனா எழுதுகிறதா என்று பார்த்த கோடு என நினைத்தேன்.

"நான்... ஓரத்தை வெட்டிப்போட்டன் அண்ணை. அல்பத்தில வைக்கிறதுக்கு. பேனா கீறிப் பாத்தது எண்டு நினைச்சிட்டன்."

"அல்பத்திலயோ?" அவர் என்னைப் பார்த்த பார்வையை என்ன சொல்வது! "தபால் முத்திரை சேக்கிறவையைக் கண்டிருக்கிறன். மற்ற ஆக்களின்ர கருவாட்டு லிஸ்டுமோ?" கோபமா பகிடியா, குரலில் பிடிபடவில்லை. பிறகு தணிந்து சொன்னார்: "நாங்கள் எதையும் சிலுவை போடாமல் எழுதத் தொடங்கிறேல்லை. கரண்ட் பில்லுக்குப் பின்னால எழுதினாலும்."

எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். பிள்ளையார் சுழி போடாமல் நானும் ஒரு வரி எழுத மாட்டேன். அப்படிப்பட்ட நான் இன்னொருத்தியின் தொடக்கத்தை வெட்டி, பழைய கடதாசிப் பெட்டிக்குள் போட்டிருக்கிறேன். அந்தப் பெட்டியைக் குப்பை லொறி எப்போதோ கொண்டுபோய்விட்டது.

குரல் கேட்டோ என்னவோ, அவருடைய மனைவி, அந்த அக்கா, ஊன்றுகோலோடு மெல்ல வந்தார். மேசையில் லிஸ்டைக் கண்டதும் நின்றார். பிறகு நாங்கள் யாரும் சொல்லாமலே கதிரையை இழுத்து இருந்தார். இடது கை ஆள்காட்டி விரல் தாளின் மேல்பக்கம் போனது. அங்கே தாள் முடிந்திருந்தது. விரல் மேசைவிரிப்பில் வழுக்கியது. திரும்ப வந்தது, மறுபடி மேலே போனது, மறுபடி வழுக்கியது. மூன்றாம் தரமும் அப்படியே. சிலுவையைத் தொட்டுவிட்டுத்தான் அரிசிக்கு இறங்குவார் போலிருக்கிறது. தொட அது இல்லை. தாளைப் புறங்கையால் தள்ளிவிட்டார்.

"விடுங்கோ. அவவுக்கு இது வேற பேப்பர் இப்ப" என்றார் கணவர். பூட்டிய கதவைத் திரும்பவும் பூட்டுகிறவரின் குரல்.

"அண்ணை, அரிசிக்கு மேல கொஞ்சம் இடம் இருக்கு. ஒரு சிலுவை கீறினா?"

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து என் முன்னால் வைத்தார். "நீங்களே போடுங்கோ. வெட்டினது நீங்கள்தானே."

குனிந்தேன். இரண்டே கோடு. குழந்தையும் கீறும். ஆனால் பேனா, ஒரு லிஸ்டின் உச்சி, காலியாய் ஒரு சின்ன இடம். எழுதப் பழகிய நாள் முதலாய் என் கைக்கு அங்கே ஒரே ஒரு வேலைதான் தெரியும். நான் சிலுவை என்று நினைத்துக்கொண்டிருக்கையிலேயே கை தன்பாட்டுக்குச் சுழித்து வளைத்துவிட்டது. அரிசிக்கு மேலே, கறுப்பு மையில், பளிச்சென்று ஒரு பிள்ளையார் சுழி.

"என்ன எழுதுறீங்கள்!"

"ஐயோ அண்ணை... கை... இருங்கோ, மாத்திப் போடுறன்."

அழிக்கவும் முடியாது, மேலே கீறினால் இன்னும் அசிங்கம். அந்த நேரத்தில்தான் அந்தச் சத்தம். இருமலோ விம்மலோ என்று நிமிர்ந்தேன். அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு பக்க உதடு மட்டும் மேலே போக, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர. என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், திரும்பவும் என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு தாளைத் தன்னிடம் இழுத்தார். விரலை என் சுழியின் மேல் வைத்தார். கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தார். மெல்லக் கீழே இறக்கினார். அரிசி. நிமிர்ந்து கணவரைப் பார்த்தார்.

நான் பேனாவை மறுபடி எடுக்கப் போனேன். "கை வையாதேங்கோ!" என்றார் அவர். ஓடிப்போய் அலுமாரியைத் திறந்தார். "அரிசி இருக்கு. அரைப் பை." விரல் இறங்கியது. "பருப்பு இல்லை." இறங்கியது. "தேங்காய்ப்பால் ரெண்டு ரின்." அவருடைய குரல் உடைந்து உடைந்து வந்தது. அக்காவின் விரல் மட்டும் அவசரமே இல்லாமல் ஒவ்வொரு வரியாய்ப் போனது. கடைசி வரியில், "அது இருக்கு, வேண்டாம்" என்றார் அவர். விரல் அசையவில்லை. வேறு வழியில்லாமல் அலுமாரியைத் திறந்து காட்டினார். பிஸ்கற் இல்லை. பொய் சொன்னால் தெரிந்துவிடும் என்று அவர் சொன்னது சரிதான்.

இத்தனை காலமாகியும் என்னால் இதை ஓர் ஒழுங்கில் வைக்க முடியவில்லை. என் கையைக் கண்டு சிரித்தாரா? ஊரில் எங்கள் சைவ ஆட்கள் எழுதுவதைப் பார்த்திருந்து, சுழியை அடையாளம் கண்டாரா? தொடங்குவதற்கு ஏதோ ஓர் அடையாளம் போதுமாக இருந்ததா? ஒன்றுமேயில்லை, ஓர் அந்நியப் பெண் தன் சமையலறையில் விழி பிதுங்கி நின்றது மட்டும்தான் பகிடியா? என் பிழை அவருக்குச் சரியாகிப் போனதற்கு நான் எந்தவிதத்திலும் பொறுப்பில்லை. ஆனால் என் பிழை பிழைதான், அதற்கு நான்தான் பொறுப்பு. இந்த இரண்டும் ஒன்றாய் நிற்க மறுக்கின்றன. லிஸ்டுகளை இப்போதும் எடுத்து வாசிக்கிறேன், வாசித்துவிட்டு அநேகமாக அதே ட்ரொலியிலேயே வைத்துவிடுகிறேன். எதையும் வெட்டுவதில்லை. யாருடைய தொடக்கம் எந்த ஓரத்தில் இருக்கிறதென்று எனக்குத் தெரியாது என்பது மட்டும் தெரிகிறது.

அன்று அந்த அண்ணை லிஸ்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கார் வரைக்கும் கூடவே வந்தார். மாண்டரின் பையைப் பாதியாக்கி எனக்கே திருப்பித் தந்தார். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சி, அவ ஏன் சிரிச்சவ எண்டு உங்களுக்கு விளங்கினதோ?"

"இல்லை அண்ணை."

"எனக்கும் விளங்கேல்லை. சரி, போட்டு வாங்கோ."