அத்தை பூசிய சுவர் மூலை

எங்கள் வீட்டுச் சுவரின் மூலையை உடைத்தது மாமாவின் மாட்டுவண்டி. ஒசூர் இன்னும் சேலம் ஜில்லாவில் இருந்த காலம். மத்திகிரியில் மாட்டுப் பண்ணைக்குப் போகும் பாதையோரம் எங்கள் வீடு. அந்தப் பண்ணையில்தான் அப்பா காளைகளுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தார். ஆனேக்கல் பக்கம் கட்டிக்கொடுத்திருந்த அத்தை, அப்பாவின் ஒரே தங்கை, ஒரு தகரப் பெட்டியோடு எங்களிடம் வந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. முழங்கையில் பெரிய காயம். கிணற்றடியில் வழுக்கிவிட்டது என்றார். நானும் கிணற்றடியில் வழுக்கியிருக்கிறேன் என்பதால் உடனே நம்பிவிட்டேன்.

அழைத்துப்போக வந்த மாமாவுக்கு அத்தை முகம் கொடுக்கவில்லை. உள்ளேயே இருந்துவிட்டார். மாமா கோபத்தில் வண்டியை வெடுக்கென்று திருப்ப, அச்சு முனை மூலையில் இடித்து, இடுப்புயரத்துக்குச் சுண்ணாம்புப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை பெரியவர்களோடு வருவதாகச் சொல்லிவிட்டு, அவர் திரும்பிப் பார்க்காமல் போனார்.

வருகிறவர்கள் முன்னால் வீடு மூளியாக நிற்கக் கூடாது என்பது அப்பாவின் கவலை. கொத்தனாரோ கெலமங்கலத்தில் ஒரு கல்யாண வீட்டு வேலையில் இருந்தார்.

"கொஞ்சம் சுண்ணாம்ப அப்பி வெள்ளையடிச்சுடலாம். அவங்க கண்ணுக்குத் தெரியாம இருந்தாப் போதும்" என்றார் அப்பா.

"நான் பாத்துக்கறேண்ணா" என்றார் அத்தை. புகுந்த வீட்டில் சுவர் வேலை முழுவதும் அவர் தலையில்தான் விழுந்ததாம்.

அப்பா பண்ணைக்குப் போனதும் அத்தை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பழைய அரிவாளோடு மூலையின் முன் உட்கார்ந்தார். விரலை மடக்கிச் சுவரைத் தட்டிக் காட்டினார். கெட்டியான இடம் 'டக்' என்றது. பார்ப்பதற்கு நன்றாக இருந்தும் உள்ளே பிடிப்பு விட்டுப்போன இடம் 'பொக்' என்றது. பொக்கு எங்கே என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு எனக்கு. நான் தட்டத் தட்ட, அத்தை அங்கெல்லாம் கொத்தித் தள்ளினார். பொக்கு போய்க்கொண்டே இருந்தது. மத்தியானத்துக்குள் உடைசல் என் தலைக்கு மேலே ஏறி, செங்கல் பல்லிளித்தது. அம்மாவுக்கும் அத்தைக்கும் அடுப்படியில் ஒத்தே போகாது. எட்டிப் பார்த்த அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் அப்பா வந்து மலைத்து நின்றார்.

"பூசச் சொன்னா இடிச்சு வெச்சிருக்கியேம்மா?"

"பிடிப்பில்லாதது மேல பூசினா, பூசினதும் சேந்து விழும்ணா."

அப்பா அத்தையை வெகுநேரம் பார்த்தார். பிறகு கால் கழுவப் போனார்.

அடுத்து, செங்கல் இடுக்குகளை அரிவாள் நுனியால் கீறிவிட்டு, தூசி இல்லாமல் துடைப்பத்தால் தட்டினோம். தண்ணீர் அடிக்கிற வேலையும் எனக்கே கிடைத்தது. காய்ந்த கல் புதுச் சுண்ணாம்பின் ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பதால் அதற்கு முதலிலேயே வயிறு நிறையக் கொடுத்துவிட வேண்டும். பாதையில் போகிறவர்கள், "என்னாம்மா, வீட்ட இடிக்கறீங்களா?" என்று கேட்டார்கள். அத்தை தலை நிமிரவில்லை. நான்தான் இடுப்பில் கைவைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொன்னேன். இதற்கிடையில், யாரும் கூப்பிடாமலே அம்மா வந்து உட்கார்ந்து மணல் சலிக்க ஆரம்பித்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை மூலையில் பலகையை நேராகப் பிடித்துப் பூசிக்கொண்டிருக்கும்போதே வண்டி வந்துவிட்டது. மாமாவோடு ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர். அப்பா மறைக்க நினைத்த மூலை பாதி செங்கலும் பாதி ஈரமுமாக அவர்கள் கண்ணெதிரே நின்றது.

"கையக் கழுவிட்டுக் கிளம்பும்மா. எல்லாம் பேசித் தீத்துக்கலாம்" என்றார் ஒரு பெரியவர்.

"நான் வரலீங்க" என்றார் அத்தை. கை நிற்கவில்லை.

மாமா வண்டியிலிருந்து குதித்து விறுவிறுவென்று வந்தார். வாசலில் இருந்த அப்பா இறங்கி வந்து, அத்தைக்கும் அவருக்கும் நடுவில் நின்றார். காளைகளிடம் பேசுகிற அதே தணிந்த குரலில் சொன்னார்:

"மாப்ள, வண்டிய அந்தாண்ட திருப்புங்க. மூல ஈரமா இருக்குது."

அம்மா சல்லடையை வைத்துவிட்டு எழுந்து அத்தையின் பக்கத்தில் போய் நின்றாள். கடைசியில் அந்தப் பெரியவர்தான் மாமாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வண்டியில் ஏறச் சொன்னார். வண்டி எங்கள் மூலைக்கு நன்றாக விலகி, எதிர்ப்பக்க வேலியை உரசிக்கொண்டு போயிற்று.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் பொக்குக் கண்டுபிடித்த மூலைக்காக, நான் தண்ணீர் அடித்த மூலைக்காக, ஆனேக்கல்லிலிருந்து வந்த ஒரு வண்டியே ஒதுங்கிப் போகிறது!

மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஒருவரையும் விடாமல் சொல்லித் தீர்த்தேன். பக்கத்தில் உட்காரும் பெண், "அப்போ உங்க அத்தை எப்ப ஊருக்குப் போவாங்க?" என்று கேட்டாள்.

இதுகூடத் தெரியாதா என்பதுபோல அவளைப் பார்த்து, "செவுரு காஞ்சதும்" என்றேன்.