குறைஞ்ச ஆக்கள்

இன்று காலை, பக்கத்து வீட்டில் வாடகைக்கு அறை கேட்டு ஓர் ஆசிரியை வந்தார். நானும் அங்கே நின்றேன்.

வீட்டுக்காரர் சாதியை நேரே கேட்கவில்லை. "பிள்ளை ஊரிலை எந்தப் பக்கம்? எந்தக் கோயிலடி?" என்றார்.

அவர் சொன்னதும், "அறையை நேற்றைக்கே குடுத்திட்டம், பிள்ளை."

ஆசிரியை படலையைத் தாண்டியதும் வீட்டுக்காரர் என்னிடம், "குறைஞ்ச ஆக்கள், மாஸ்டர்" என்றார்.

குறைந்த புள்ளி நானும் போட்டிருக்கிறேன். அதற்கு விடைத்தாளையாவது பார்த்தேன். இவர் எதைப் பார்த்தார்?

வழக்கமாக வாய் திறக்கமாட்டேன். இன்று கோபத்தில், "பிள்ளை, நில்லுங்கோ! எங்கடை வீட்டிலை முன்னறை சும்மா கிடக்கு" என்று தெருவில் கத்திவிட்டேன்.

மனைவி அறையைக் கூட்டுகிறார். பக்கத்து வீட்டுக்காரர் அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை.

இப்போது நான் எந்த ஆக்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.