பெயர் நீக்க விண்ணப்பம்

தொண்ணூறுகளின் தொடக்கம். மனைவி இறந்த மூன்றாம் மாதம், குடும்ப அட்டையிலிருந்து அவள் பெயரை நீக்க விண்ணப்பம் எழுத வேண்டியிருந்தது. எனக்குப் பேனாவைத் தொடவே அலுப்பாக இருந்தது. வேலையில்லாப் பட்டதாரிகளைக் கொண்டு இராஜபாளையத்தில் ஓர் அறக்கட்டளை கடித வேலைகளைச் செய்து கொடுத்தது. தொலைபேசியில் சொன்னால் தட்டச்சு செய்து, கையெழுத்துக்காக வீட்டுக்கு அனுப்பிவைப்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அழைத்து விவரம் சொன்னேன்.

இரண்டு வாரமாகியும் தாள் வரவில்லை. பேருந்தேறிப் போய் மேலாளரிடம் கடுமையாகப் புகார் சொன்னேன். அவர், புதிதாகச் சேர்ந்திருந்த பாக்கியம் என்ற பெண்ணை அழைத்தார்.

“ஏம்மா, வந்த வேலைய இப்படி அடைகாத்துக்கிட்டு இருந்தா நம்மள யாரு தேடி வருவா? நாளையிலருந்து நீ வர வேண்டாம்.”

அவள் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து, மேலாளர் பார்க்காதபடி மடித்து என்னிடம் நீட்டினாள்.

“நீங்க சொன்னபடிதான் அடிச்சிருக்கேன் சார். அனுப்ப மனசு வரல. போன்ல எப்படிக் கேக்கன்னும் தெரியல.”

இறந்தவர் பெயர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது.

கல்லூரியில் முப்பது ஆண்டுகள் பிறர் பிழைகளைத் திருத்தியவன் நான். தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பேசாமல் வெளியேறிவிடலாமா என்று ஒரு கணம் எண்ணினேன். அந்தக் கணத்துக்காக இன்றும் கூசுகிறேன். பிறகு அதை மேலாளர்முன் விரித்துவைத்து, “பிழை என்னுடையது. இவரை நிறுத்தாதீர்கள்” என்றேன்.

அதைப் படித்த மேலாளர் நிமிரவில்லை. “போம்மா, போய் வேலையப் பாரு” என்றார்.

பாக்கியம் புதுத் தாளைப் பொருத்தினாள். “அம்மா பேரு சொல்லுங்க சார்.”

வீட்டில் மனைவியை ‘ஏட்டி’ என்றே கூப்பிட்டு வாழ்ந்துவிட்டேன். அவள் பெயரை நான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னது, அதை நீக்குவதற்காகத்தான்.